இருநூற்றுப் பதினோராம் பக்கம்

அந்தப் புத்தகத்தை அலமாரியின் எந்தத் தட்டில் வைத்தாலும் பக்கத்துப் புத்தகங்களுக்கும் பீடித்தூள் வாசனை ஏறிவிடுகிறது. மொத்தம் இருநூற்று இருபது பக்கம். பழுப்பேறிய தாள், தையல் விட்டுப்போன முதுகு, அட்டையில் எழுதியவர் பெயருக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சொட்டு. கீழே வைத்துக் கையை எடுத்தால் அது தானாகப் பிரிந்து நிற்பது இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கிறது. என்னுடைய விரல்தான். மற்றப் பக்கங்களையும் அதே விரலால்தான் தள்ளினேன், ஆனால் அங்கெல்லாம் இவ்வளவு அழுத்தம் இல்லை. இந்த ஒரு பக்கத்தில் மட்டும் வெகுநேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அதை எழுதியவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி எழுதுவது அவர் வேலை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறுகிற மூட்டைகளின் மேல், யாருக்கு, எந்த ஊருக்கு என்று கறுப்பு மையைத் தொட்டுப் பெரிய பெரிய எழுத்தாக எழுத வேண்டும். ராயபுரத்தில் அவர் வீட்டுக்குச் சாயங்காலம் போனால் முற்றத்தில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டு நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மை முழுசாகப் போகவே போகாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நானோ மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவன், தெருவில் நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன், மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய ஒரு நாவல் எழுதி வைத்திருந்தவன். அதில் இரண்டு கொலை, ஒரு மாறுவேஷம், காணாமற்போன வைர மோதிரம் எல்லாம் உண்டு. எந்த அச்சுக்கூடத்துக்காரரும் அதைப் பத்துப் பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை. மாமாவின் நாவலோ மண்ணடிப் பக்கத்துச் சின்ன அச்சுக்கூடம் ஒன்றில் புத்தகமாகிவிட்டது. அதை என் கையில் கொடுத்த அன்று "சந்தோஷம் மாமா" என்று சொன்னேன். வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

என் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த பீடிப் பட்டறையில் நான் படிக்கிறவன். பதினாலு பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்துக் கூட்ட வராது. நான் ஒரு சாமான் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலையில் பத்திரிகையும் மத்தியானம் நாவலும் உரக்கப் படிப்பேன். என் பங்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி என் முறத்தில் போட்டுவிடுவார்கள். "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறையில் கடிகாரம் கிடையாது. நான் தாள் திருப்புகிற சத்தம்தான் அவர்களுக்குக் கடிகாரம். பத்துத் தாள் திருப்பியதும் எல்லாரும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட எழுந்துவிடுவார்கள். எனக்கு நேர் எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த மேஸ்திரிதான் அந்தக் கணக்கை மனசில் வைத்திருப்பவர். கண் பீடியில் இருக்கும், காது என் விரலில் இருக்கும். நான் அவசரத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளிவிட்டால் கதை புரிகிறதோ இல்லையோ, "ஒண்ணு தாண்டிட்டே" என்பார்.

மாமா புத்தகத்தைக் கொடுத்தபோது ஒன்று சொன்னார். "மச்சான், இத உங்க பட்டறையில படி. படிச்சவங்க இன்னா சொல்றாங்கன்றது எனக்கு ஓணாம். நான் எழுதனதே படிக்கத் தெரியாத ஒரு பொம்பளயப் பத்தி. அவுங்க மூஞ்சி எப்டி கீதுன்னு பாத்து வந்து சொல்லு. அவுங்களுக்குப் புடிக்கலன்னா இத்தோட வுட்டுர்றேன்." அடுத்த நாவலுக்கான நோட்டு அப்போதே பாதி எழுதிப் பெட்டிக்குள் இருந்தது. அக்கா காட்டியிருந்தாள். ஆக, அவர் மேற்கொண்டு எழுதுவதா வேண்டாமா என்ற தீர்ப்பை என் வாயிலும் அந்தப் பதினாலு பேர் காதிலும் விட்டுவிட்டார். என்னை அவ்வளவு நம்பினார் என்பதும் எனக்கு அப்போது எரிச்சலாகவே இருந்தது.

பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் தனியாகப் படித்துப் பார்த்தேன். எண்ணூர்க் கழிமுகத்து உப்பளத்தில் வேலை செய்கிற ஒருத்தி. புருஷன் ரங்கூனுக்குப் போய்விட்டான். மூன்று வருஷம் கழித்து அவனிடமிருந்து ஒரு கடுதாசி வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மாட்டேன் என்கிறாள். அதைக் கூரையில் செருகி வைக்கிறாள். மழை வந்தால் எடுத்து அரிசிப் பானையில் வைக்கிறாள். வெயில் வந்தால் திரும்பக் கூரையில் செருகுகிறாள். அவ்வளவுதான் கதை. மழைக்காலம் மட்டும் அறுபது பக்கம் பெய்கிறது. எனக்குப் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. அந்த உறையைப் பிரித்துத் தொலையேன் என்று கத்தலாம் போல வந்தது. ஆனால் ஆத்திரத்தோடு தாளைத் திருப்பினால், "உப்பளத்தில் தேங்கிய தண்ணீருக்குப் போகும் வழி தெரியாது, வெயில்தான் வந்து கூட்டிப்போகும்" என்று ஒரு வரி வந்து நிற்கும். இன்னொரு பக்கத்தில், "கடுதாசி வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்" என்று இருக்கும். நான் எழுதியிருக்க வேண்டிய வரி என்று ஒரு நொடி தோன்றும். மூட்டைக்குக் குறி எழுதுகிற மனுஷனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று மறு நொடி தோன்றும். பொறாமைதான், வேறு பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு ஆசையும் இருந்தது, அது என்னுடையதாக இல்லையே என்று.

பட்டறையிலும் இதே பாடுதான். முதல் வாரம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இரண்டாம் வாரம் முணுமுணுப்பு கிளம்பியது. "இன்னா வாத்தியாரே, இன்னுமா பிரிக்கல அவ?" என்று ஒருவர் கேட்பார். "மய பேஞ்சிகினே கீது, கத நவுறவே மாட்டேங்குது. பேஜாரா கீதுபா" என்பார் இன்னொருவர். நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். ஆனால் அதே ஆட்கள் முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகும்போது, "அந்த உப்பளத்துத் தண்ணி சேதிய இன்னொரு தபா சொல்லு" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். மேஸ்திரி அதை மூன்று நாள் கேட்டார். மூன்றாம் நாள் நான் பாதி சொல்லும்போதே மீதியை அவர் சொல்லி முடித்தார். என் கொலை நாவலையும் ஒரு காலத்தில் அங்கே படித்துப் பார்த்தவன் நான். யார் கொலைகாரன் என்று தெரிந்ததும் அடுத்த கதை என்ன என்றுதான் கேட்டார்கள், ஒரு வரியைக்கூட யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். தபால்காரன் வேறு யாருக்கோ கடுதாசி கொடுக்க வந்தவன் அவள் வாசலில் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறான். குடித்துவிட்டு, "முன்னே வந்ததே, அதைப் படிக்கட்டுமா அம்மா?" என்று கேட்கிறான். பட்டறையில் பதினாலு பேர் கையும் நின்றுவிட்டது. எழுத்தில் அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். அவள் பதில் சொல்லாமல் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நான் நிமிர்ந்து அந்த முகங்களைப் பார்த்தேன். "படி என்றாள்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கட்டைவிரலை அந்த மூலையில் ஊன்றிக்கொண்டு, கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, இல்லாத கடுதாசியை ஆதியோடந்தமாகப் படித்தேன். ரங்கூன் அரிசி மில்லில் புருஷனுக்கு ஒரு கால் போய்விட்டது. அதோடு வந்து நிற்க வெட்கப்பட்டு அங்கேயே காவல்காரனாக இருக்கிறான். நீ வரச் சொன்னால் அடுத்த கப்பலில் வருகிறேன் என்கிறான். அவள் வரச் சொல்கிறாள். இவ்வளவையும் சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடினேன். இரண்டு மூன்று பேர் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். மேஸ்திரி மட்டும் பீடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு நடந்ததில்லை.

மாமாவிடம் போய் "அழுதாங்க மாமா" என்றேன். அவர் மையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "எங்க அழுதாங்க?" என்று கேட்டார். "கடசில" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. அந்த மனுஷன் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட நாக்கு எழுந்தது, ஆனால் அடங்கிவிட்டது. அடுத்த வாரமே பட்டறைக்காரர்கள் எழுதினவரைப் பார்க்க வேண்டும், மாலை போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். நான் நாலைந்து சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். மேஸ்திரி விடவில்லை. நேரே துறைமுக வாசலுக்கே போய் நின்று மாமாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டு, விரலை மடக்கி மடக்கி மறைத்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "சோக்கா எழுதிக்கீற நைனா" என்றார் ஒருவர். இன்னொருவர் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "அந்தக் கடுதாசிய உன் வாயால ஒரு தபா படி நைனா" என்று கேட்டார். மாமா, "எந்தக் கடுதாசி?" என்றார். "ரங்கூன்லேர்ந்து வந்திச்சே, அவ புருசன் எய்தனது, தபால்காரன் படிப்பானே, அதான்" என்றார்கள். மாமா புத்தகத்தைப் பிரித்தார். அது அப்போதே பழகிவிட்ட இடத்தில் பிரிந்து நின்றது. கறுப்பு ரேகையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவர் அடிபட்டவர் மாதிரி பார்த்தார். ஒரு வார்த்தையில் என்னை அங்கேயே நாறடித்திருக்கலாம். செய்யவில்லை. "அத என் மச்சான் படிச்சாதான் நல்லா இருக்கும்" என்று சொல்லிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். எழுதினவர் எதிரிலேயே, அவர் எழுதாததை, அவர் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். அதே இடத்தில் விரலை ஊன்றினேன். அவர் தலையைக் குனிந்தபடி ஒரு வரி விடாமல் கேட்டார். முடிந்ததும் சாமந்தி மாலையைக் கொண்டுவந்து மாமாவின் கழுத்தில் போட்டார்கள். இந்த இடத்தை எழுத எனக்கு இன்றும் கூசுகிறது. அவருக்கு நான் செய்ததை நினைத்து அந்த நிமிஷம் நான் வருந்தவில்லை. அழ வைத்தது என் கடுதாசி, மாலை அவர் கழுத்தில் விழுகிறதே என்றுதான் மனசு பொங்கியது.

ரயில்வே கேட் வரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "அந்தக் கடுதாசில இன்னாதான் எழுதியிருந்திச்சி மாமா?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "எழுதனவரு நீங்க, உங்களுக்கே தெரியாதுன்னா எப்டி?" என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருந்தா அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். மாலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "நீ சொன்னது நல்லா கீது மச்சான். அவுங்களுக்கு ஓணும்கிறது அதான். நான் எழுதனது இல்ல" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். உப்பளத்து வரியை மேஸ்திரி மூன்று நாள் கேட்டார், மூன்றாம் நாள் மனப்பாடமாகச் சொன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஒரு மூச்சுக்கூடப் பிடித்திருக்காது. சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி போய், கேட் திறக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. அது தன்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு என் கடுதாசியை எழுத்தில் இறக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். நல்ல தாள் வாங்கி, புது நிப்பு மாற்றி உட்கார்ந்தேன். பெட்டியின் மேல் உட்கார்ந்து சொன்னபோது அத்தனை பேரை உருக்கியது, தாளில் வெறும் மனுவாகத்தான் வந்தது. கால் போன விஷயத்தை எத்தனை விதமாகத் திருப்பி எழுதினாலும் யாரோ ஒருவனின் கால்தான் போயிற்று. கிழித்து அடுப்பில் போட்டேன். அதே வருஷம் அக்கா ஒருநாள், "அவரு அந்த நோட்ட எடுக்கிறதே இல்லடா, நீயாச்சும் கேளேன்" என்றாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மாமா பழையபடி மூட்டைக்குக் குறி எழுதினார், சாயங்காலம் விரலைத் தேய்த்தார், என்னோடு எப்போதும் போலவே பேசினார். சில வருஷத்தில் விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டார். பாதி நோட்டை அக்கா என்ன செய்தாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் மேஸ்திரியைப் பார்த்தேன். மகள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மங்கிவிட்டது. என் குரலைக் கேட்டதுமே "வாத்தியாரா?" என்றார். பழைய ஆட்களைப் பற்றிப் பேசினோம், அதில் பாதிப் பேர் இப்போது இல்லை. பேச்சு மாமாவின் புத்தகத்துக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், நான்தான் கொண்டுவந்தேன். பாராட்டுக் கேட்க இத்தனை வயதுக்குப் பிறகும் ஆசை விடவில்லை. "அந்தக் கடுதாசி ஞாபகம் கீதா மேஸ்திரி?" என்றேன். அவர் சிரித்தார்.

"அது நீ சொன்னதுதான வாத்தியாரே."

யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? அம்மாம் நீட்டுக் கடுதாசி படிச்சியே, ஒரு தாளு திருப்புனியா நீ? நாங்க அல்லாரும் வெத்தலைக்கு எந்திரிக்கவே இல்லியே அன்னிக்கி, கவனிக்கலியா? அப்பறம் அவுரு வந்தப்பவும் அதேதான். அவுரு மூஞ்சி போன போக்குலயே மிச்சமும் தெரிஞ்சிபோச்சி." தெரிந்துமா மாலை போட்டீர்கள் என்றேன். "மால அவுரு எய்தனதுக்குப்பா. நீ ஆசயா சொன்னே, வேணாம்னு எப்டி சொல்றது? அவ எங்க பிரிக்கப் போறா? அவ வூட்ல ரெண்டு பேரு இருந்தாங்கன்னு எய்தனவரு, பிரிச்சி ஒர்த்தர வெளிய தொரத்துவாரா?" என்றவர், தன்பாட்டில் உப்பளத்துத் தண்ணீர் வரியைச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நான் விடவில்லை. "என் கடுதாசில இன்னா இருந்திச்சி, சொல்லுங்க பாப்போம்" என்றேன். மேஸ்திரி நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "அவனுக்கு என்னமோ அடிபட்டிச்சி. கையா, காலா?" என்றார்.

கோபம்கூட வரவில்லை. ரயில்வே கேட்டில் நின்று மாலையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த மனுஷனைத்தான் நினைத்தேன். அது உங்களுக்குத்தான் போட்டது மாமா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. நான் கிளம்ப எழுந்தபோது மேஸ்திரி என் கையைப் பிடித்தார். "நீ மூடனப்போ சோத்தாங்கைப் பக்கம் இன்னும் அஞ்சாறு தாளு இருந்திச்சி. அதுல இன்னா கீதுன்னு இதுவரிக்கும் எங்களுக்குத் தெரியாது. படிச்சிக் காட்டாமலே வுட்டுட்டே" என்றார்.

இன்று காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். கட்டிலுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். புத்தகம் வழக்கம்போல அந்த இடத்தில் தானாகப் பிரிந்தது. "முன்னே வந்ததே, அதைப் படிக்கட்டுமா அம்மா?" என்று தபால்காரன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எழுதியிருந்தபடியே படித்தேன். இன்றைக்கும் எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது, இன்றைக்கும் அந்த வரிகள் என்னுடையதாக இல்லையே என்று இருந்தது. பக்கம் முடிந்தது. கறுப்பு ரேகையின் மேல் விரலை வைத்துத் தாளைத் திருப்பினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மேஸ்திரி, "ஒண்ணு" என்றார்.